சர்வீசுக்கு இரண்டை அழுத்தவும்

அந்தக் கம்பெனியில் ஐந்து பிரிவுகள் இருந்தன. ஆட்கள் இரண்டு பேர். அவர்களும் புருஷன் பெண்டாட்டி.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் தலைமை அலுவலகம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் ஓரத்தில் மூடியைக் கழற்றி வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டர். கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். "பின்னாடி என்ன சத்தம்?" என்று போனில் யாராவது கேட்டால், "எங்க சர்வர் ரூம் சார்" என்று சொல்லப் பழகியிருந்தார்கள்.

அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைப்பு போட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். ஒரு நம்பருக்குக் கூப்பிட்டால், 'இதற்கு ஒன்று, அதற்கு இரண்டு' என்று ஒரு குரல் சொல்லும், அழுத்தினால் உரியவர் மேசையில் மணி அடிக்கும் அல்லவா, அதுதான். பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஒரு பெட்டியை விற்பார்கள். பெட்டிக்கு ஒரு விலை. உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு லைசென்ஸ் என்று இன்னொரு விலை. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேறொரு விலை. இவர்கள் வழி வேறு. உலகத்தின் மூலை முடுக்கில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று இணையத்தில் வைத்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இறக்கி, பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார்கள். லைசென்ஸ் கிடையாது. உழைப்புக்குத்தான் கூலி.

இதில் கணவனுக்கு அசாத்தியக் கை. போன் கம்பி இழுக்கும் வேலையில் இருந்த நாட்களிலேயே, எந்த ரிசீவரை எடுத்தாலும் முதலில் கண்ணை மூடி அதன் ரீங்காரத்தைக் கேட்பான். கூட வேலை பார்த்தவர்கள் 'டயல்டோன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மென்பொருளை எழுதியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கூடும் இணைய மன்றத்தில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. எந்த நாட்டுக்காரன் எந்தச் சந்தேகம் கேட்டாலும் சலிக்காமல் பதில் எழுதுவான்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் ஓசியில ரிப்பேர். வீட்டுல குழாய் ஒழுகுது, அதுக்கு எந்த மன்றத்துல போய்க் கேக்கணும்?" என்பாள் மனைவி.

வாடிக்கையாளர்தான் வரவில்லை. விலை அதிகமென்றால் பேரம் பேசலாம். மென்பொருள் இலவசம் என்றதும் வந்தவர்கள் சந்தேகத்தோடு எழுந்து போனார்கள்.

இந்த இடத்தில் மச்சானைச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடத்தில் அதே தொழில்தான் செய்தார். ஆனால் பெட்டி விற்கிறவர். தங்கை வீட்டுக்காரர்மேல் அவருக்கு மிகுந்த பாசம். பாசத்தை எப்போதும் பிறர் முன்னிலையில்தான் காட்டுவார்.

"மாப்ளே, எதுக்கு இந்தக் கஷ்டம்? நம்ம ஸ்டோர் ரூம்ல ஆள் இல்ல. ஒயர் கட்டு எத்தனை உள்ள வருது, எத்தனை வெளிய போகுதுன்னு பாத்துக்கிட்டாப் போதும். உக்காந்த வேலை. ஃபேன்கூட இருக்கு."

"இந்த வருஷம் முடியட்டும் மச்சான். அதுக்குள்ள ஒரு பெரிய பார்ட்டி சிக்கலைன்னா நானே வந்து நிக்கிறேன்" என்று டயல்டோன் ஒரு குடும்ப விருந்தில், பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன்கிட்ட நீங்க ஒயர் எண்ணப் போனா, அவர் வீட்டுக்கு நான் முன் வாசல் வழியா போகணுமா, பின் வாசல் வழியாவா?"

வருஷம் முடியப் போகிற சமயத்தில்தான் அந்த போன் வந்தது.

பேசியவர் ஒரு பல் மருத்துவமனைக் குழுமத்தின் நிர்வாகி. ஊர் முழுக்க ஒன்பது கிளினிக். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொலைபேசி அமைப்பு வேண்டும். அன்று டயல்டோனுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கடைத்த குரலில், "சொல்லுங்க சார்" என்றான்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். சின்னக் கம்பெனிக்கெல்லாம் நான் வேலை கொடுக்கறதில்ல. ஒரே ஆள் கம்பெனின்னா, அவன் படுத்துட்டா எங்க போன் படுத்துடும். உங்ககிட்ட எத்தனை டிபார்ட்மெண்ட்?"

டயல்டோன் மனைவியைப் பார்த்தான். அவள் எதேச்சையாக ஐந்து விரலையும் விரித்து நகத்துக்குப் பூசிய சாயத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு சார்."

"நீங்க?"

"சேல்ஸ் சார்."

"சரி, மத்த டிபார்ட்மெண்ட்லயும் நான் பேசணும். நாளைக்குக் கூப்பிடறேன்."

போனை வைத்தான்.

"அஞ்சா? எங்கேருந்து வந்தது அந்த அஞ்சு?" என்றாள் மனைவி.

"உன் கையிலேருந்துதான்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த மென்பொருளுக்குப் பெரிய மனசு. எத்தனை பிரிவு வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றது. ஆள் இருக்கிறார்களா என்று அது கேட்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் கம்பெனி வளர்ந்துவிட்டது. மனைவியே குரல் கொடுத்துப் பதிவு செய்தாள்: "விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும். சர்வீசுக்கு இரண்டை அழுத்தவும். கணக்குப் பிரிவுக்கு மூன்று. பயிற்சிப் பிரிவுக்கு நான்கு. பொது மேலாளர் அலுவலகத்துக்கு ஐந்து." எதை அழுத்தினாலும் மணி இதே மேசையில்தான் அடிக்கும். எந்த எண்ணை அழுத்தி வருகிறார்கள் என்பது மட்டும் போனின் சின்னத் திரையில் தெரியும். தெரிந்ததும் அதற்குரிய குரலைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குரல் பங்கீடும் நடந்தது. சேல்ஸுக்கு வேறு வழியில்லை, மூக்கடைத்த குரல்தான். நிர்வாகி ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஜலதோஷம் சரியானாலும் சேல்ஸுக்குச் சரியாகக் கூடாது. சர்வீஸுக்கு டயல்டோன் தன் சொந்தக் குரலையே வைத்துக்கொண்டான். "மெஷின் விஷயத்தை மூக்கால பேச எனக்கு வராது" என்று சொல்லிவிட்டான். கணக்கு, பயிற்சி, பொது மேலாளர் மூன்றும் மனைவி பொறுப்பு. கணக்குக்குக் கறார். பயிற்சிக்குக் குழைவு. பொது மேலாளருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு மௌனம்.

"மூணாவது ரிங்குக்கு முன்னாடி எடுக்காதீங்க. வேலை வெட்டி இல்லாதவங்கன்னு தெரிஞ்சிடும்" என்றாள். சேல்ஸிலிருந்து சர்வீஸுக்கு மாற்றும்போது, பெரிய கம்பெனியில் ஆள் தேட ஆகிற நேரத்துக்கு ஹோல்டு இசையை ஓடவிட்டார்கள். டயல்டோன் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொள்வான்.

நிர்வாகி சொக்கிப்போனார். ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டார். கணக்குப் பிரிவு அவரிடம் சிடுசிடுத்ததில் அவருக்குத் தனி மதிப்பு வந்தது. "இப்படி ஒரு அம்மா எங்ககிட்ட இருந்தா நாங்க எங்கயோ போயிருப்போம்" என்று பொது மேலாளரிடமே சொன்னார். பொது மேலாளர் மௌனம் காத்து, "அவங்களை விட்டுக்கொடுக்க முடியாது" என்றாள்.

பிறகுதான் வினை வந்தது. சேல்ஸையும் சர்வீஸையும் ஒரே நேரத்தில் வைத்துப் பேச வேண்டும், பொது மேலாளரும் இருக்க வேண்டும் என்றார் நிர்வாகி. கான்ஃபரன்ஸ்.

மென்பொருளுக்கு அதுவும் சுலபம். டயல்டோனுக்குத்தான் இடது காதில் சேல்ஸுக்கு ஒரு ரிசீவர், வலது காதில் சர்வீஸுக்கு ஒரு ரிசீவர். இதில் பேசும்போது அதன் மியூட் பட்டனை அமுக்க வேண்டும். அதில் பேசும்போது இதை. மாறினால் எதிரொலி கேட்டு மானம் போகும். எதிரே பொது மேலாளருக்கான மூன்றாவது ரிசீவரோடு உட்கார்ந்து மனைவி பேனா முனையால் இடது, வலது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு கிளினிக்குல முதல்ல போட்டுப் பாப்போம். நல்லா ஓடினா மிச்சம் ஆறும் உங்களுக்குத்தான். நூறு போன் வேணும்" என்றார் நிர்வாகி.

பேனா இடது பக்கம் நீண்டது. "தாராளமா போட்டுடலாம் சார்" என்றது சேல்ஸ், மூக்கால்.

பேனா எதையும் காட்டவில்லை. ஆனாலும் வலது காது பேசியது.

"நூறு எதுக்கு சார்? மூணு கிளினிக்குல மொத்தம் எத்தனை பேர் போன் எடுப்பாங்க? நாப்பது போதும். அதுலயும் உங்ககிட்ட இருக்கிற பழைய போனே பாதி உதவும்."

மனைவி பேனாவை மேசையில் குத்தினாள்.

"நான் டைரக்டர்கள்கிட்ட நூறுன்னு சொல்லியாச்சு" என்றார் நிர்வாகி. குரல் விறைத்திருந்தது.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது சேல்ஸ்.

"எப்படிச் சரியா இருக்கும்? அறுபது போன் சும்மா கிடக்கும். வாங்கறவருக்கு என்ன தேவைன்னு பாக்காம தலையாட்டறதுக்கா சேல்ஸ்னு ஒரு ஆள்?" என்றது சர்வீஸ்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றது சேல்ஸ்.

"இதுதான் என் வேலை!"

டயல்டோனின் முகம் சிவந்துவிட்டது. நிஜமாகவே இரண்டு பேர்மேலும் அவனுக்குக் கோபம். மனைவி எழுந்து வந்து வலது ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"அப்புறம் அந்த சாஃப்ட்வேர் விஷயம்" என்றார் நிர்வாகி. "யார் வேணா திறந்து பாக்கலாமாமே? அப்போ எங்க பேஷண்ட் பல்லு விவரமெல்லாம் ஊர் பூரா தெரிஞ்சிடாதா?"

"பூட்டு எப்படிச் செய்யறதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். அதுக்காக உங்க வீட்டுப் பூட்டை எல்லாரும் திறந்துட முடியுமா? சாவி உங்ககிட்டதானே இருக்கு. இதைக்கூடவா கேப்பாங்க?" என்றது சர்வீஸ்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

கான்ஃபரன்ஸ் முடிந்ததும் நிர்வாகி திரும்பக் கூப்பிட்டார். ஐந்தை அழுத்தினார்.

"மேடம், உங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் குறுக்கிட்டே பேசல. எங்க மீட்டிங்குல நாலு பேரு ஒரே சமயத்துல கத்துவாங்க. என்ன ஒழுக்கம்! ஆனா ஒண்ணு. அந்த சர்வீஸ் ஆளு வேண்டாம். வாய் நீளம். அவன் அந்தக் கம்பெனியில இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு ரெண்டை அழுத்துவேன். அந்தக் குரல் வரக் கூடாது."

பொது மேலாளர் வழக்கமான மௌனத்தைவிடக் கொஞ்சம் நீளமாக மௌனம் காத்தாள். "நடவடிக்கை எடுக்கறோம்" என்றாள்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்களை வேலையை விட்டுத் தூக்கியாச்சு."

"யாரைக் கேட்டு?"

"பொது மேலாளர் யாரைக் கேக்கணும்?"

"விளக்கம் கேக்காமயா? நான் என்ன தப்பாச் சொன்னேன்? நூறு போன் வேணுமா அந்தாளுக்கு? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு!"

"வேண்டாம்தான். அதை எதுக்கு அவர்கிட்ட சொன்னீங்க?"

"அப்போ சேல்ஸ்காரனைத் தூக்கு. பச்சோந்தி அவன்."

"அந்தப் பச்சோந்தியாலதான் மூணு கிளினிக் வந்திருக்கு. பேசாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க. இல்லைன்னா எங்க அண்ணனுக்கு போன் போடட்டுமா?"

மறுநாள் நிர்வாகி இரண்டை அழுத்தினார். "சர்வீஸ் பிரிவு" என்று குழைந்தது பயிற்சிப் பிரிவின் குரல். "பழையவர் விலகிட்டார் சார். புது ஆள் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்." நிர்வாகி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

போடுவதற்கு ஆள் போக வேண்டுமே? கம்பெனியில் கம்பி இழுக்கத் தெரிந்த ஒரே ஆளை நீக்கியாகிவிட்டது. ஆகவே சேல்ஸ் போனது.

கிளினிக்கில் டயல்டோன் தவழ்ந்தான், ஏணியில் ஏறினான், சிகிச்சை நாற்காலிக்கு அடியில் படுத்து ஒயர் கோத்தான். எல்லாவற்றையும் மூக்கால் செய்தான். "நீங்க சேல்ஸ் ஆச்சே?" என்று நிர்வாகி கேட்டபோது, "எங்க கம்பெனியில எல்லாரும் எல்லாம் கத்துக்கணும்னு மேடம் உத்தரவு சார்" என்றான். ஒயரைக் கையில் பிடித்தால் வாய் தானாகச் சொந்தக் குரலுக்குப் போகப் பார்க்கும். பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தான். அங்கிருந்த பெண் டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டு, "உங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் மூக்கடைப்பா? வாயைத் திறங்க பாப்போம்" என்று நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, மூக்கு, தொண்டை, முப்பத்திரண்டு பல் அத்தனையையும் பார்த்தார். இரண்டு மாத்திரை கொடுத்து, எதிரிலேயே விழுங்க வைத்தார். அன்று பிற்பகல் முழுக்க அவன் ஏணியிலேயே தூங்கி வழிந்தான்.

வீட்டிலும் பழக்கம் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்று மூக்கால் கேட்டான்.

"இங்க யாருக்கு என்ன விக்கப் போறீங்க? சாதாரணமாப் பேசுங்க" என்றாள் மனைவி. அவன் முயன்று பார்த்தான். இரண்டு வார்த்தை சரியாக வந்தது. மூன்றாவது மறுபடி மூக்குக்கு ஏறியது.

இந்தச் சமயத்தில் மச்சானின் போன் வந்தது. ஐந்தை அழுத்தி வந்தார்.

"ஏம்மா, டிபார்ட்மெண்ட் எல்லாம் வெச்சிருக்கே, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா? அது போகட்டும். அந்தப் பல் கிளினிக்குக்கு நானும் பெட்டி விக்கப் பாத்தேன். அந்த நிர்வாகி உங்களுக்குக் கொடுத்துட்டதாச் சொன்னார். பேச்சுவாக்குல இன்னொண்ணும் சொன்னார். கஸ்டமர் கேட்டதையே வேண்டாம்னு சொன்ன ஒரு சர்வீஸ் ஆளை நீங்க துரத்திட்டீங்களாமே?"

"ஆமாண்ணே" என்றாள்.

"அவன் நம்பர் கொடு. அப்படி ஒருத்தன் நம்ம பக்கத்துல உக்காந்திருந்தா, நான் என்ன சொன்னாலும் ஜனங்க நம்புவாங்க. சீஃப் இன்ஜினியர் போஸ்ட். கார் தரேன். ஏசி ரூம்."

"லைன்ல இருங்கண்ணே" என்று உடன்பிறந்த அண்ணனை ஹோல்டில் போட்டுவிட்டு, கணவனிடம் சொன்னாள்.

டயல்டோன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "எனக்கு ஃபேன், அவனுக்கு ஏசியா?"

"கத்தாதீங்க."

"இத்தனை வருஷமா வீட்டு மாப்பிள்ளை நான். ஒயர் எண்ணக் கூப்பிட்டார். எவன்னே தெரியாத ஒருத்தனுக்குக் காராம்! அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"உங்ககிட்ட இருக்கிறதுதான்."

"அப்போ நான் போறேன். எடுத்துப் பேசறேன்."

"பேசினா உங்க குரல்னு தெரியாதா அவருக்கு? பொண்ணு பாக்க வந்த நாள்லேருந்து கேக்கறார்."

அது உண்மைதான். உலகத்திலேயே அந்த வேலைக்குத் தகுதியான ஒரே ஆள், அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத ஒரே ஆளாகவும் இருந்தான். மனைவி ஹோல்டை எடுத்தாள். "அவருக்கு இன்னும் ரெண்டு இடத்துல கேக்கறாங்கண்ணே. விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

கிளினிக்குகளில் புது அமைப்பு ஓடத் தொடங்கியது. பேசும் மெனுவை நிர்வாகியே எழுதிக் கொடுத்திருந்தார். தன் குழுமமும் பெரியது என்று தெரிய வேண்டாமா? 'பல் வலிக்கு ஒன்று. ஈறு வலிக்கு இரண்டு. தாடை வலிக்கு மூன்று' என்று போய், 'எது வலிக்கிறது என்று தெரியாவிட்டால் எட்டை அழுத்தவும்' என்று முடிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவன் எட்டுவரை பொறுமையாகக் கேட்டு எட்டையே அழுத்தினான். எட்டை அழுத்தினால் நூறு போனும் அடிக்க வேண்டும், எங்கள் அக்கறை தெரிய வேண்டும் என்பதும் நிர்வாகியின் உத்தரவு. சேல்ஸ், "தாராளமா சார்" என்று செய்துகொடுத்திருந்தது.

நூறும் அடித்தன. துடைப்பம் வைக்கும் அறையில் அடித்தது. மாடிப்படிக்கு அடியில் அடித்தது. நோயாளியின் தலைமாட்டில் அடித்தது. டாக்டர் கையில் மெஷினோடு துள்ளினார். அதைப் பார்த்த நோயாளி மார்பில் கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடினார். விஷயம் டைரக்டர்களுக்குப் போயிற்று.

நிர்வாகி ஐந்தை அழுத்தினார். மனைவி திரையைப் பார்த்தாள். மூன்று கிளினிக்கும் போச்சு, மிச்சம் ஆறும் போச்சு. டயல்டோன் எதிரே நின்று கையால், 'என்ன?' என்றான். மூன்றாவது ரிங் முடிந்தது. எடுத்தாள்.

"மேடம், டைரக்டர்கள் நூறு போன் யார் யோசனைன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன். உங்க சேல்ஸ் ஆள்தான் தள்ளிவிட்டான்னு சொன்னேன்."

பொது மேலாளருக்கு இந்த முறை மௌனம் இயல்பாகவே வந்தது.

"உங்க சர்வீஸ் ஆள் நாப்பது போதும்னு சொன்னதையும், நான் அப்பவே அதை ஒத்துக்கிட்டதையும் சொன்னேன். டைரக்டர்கள் கேக்கறாங்க, அந்த நல்ல மனுஷன் எங்கன்னு. அவரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. அவர் வந்து இதைச் சரிபண்ணிட்டா மிச்சம் ஆறு கிளினிக்கும் உங்களுக்கே. இல்லைன்னா இதையும் கழட்டிட்டுப் போயிடுங்க. இன்னொண்ணு, அந்த மூக்கடைப்பு ஆசாமி எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது."

"சர்வீஸ்காரருக்கு வேற கம்பெனியில சீஃப் இன்ஜினியர் போஸ்ட் கொடுக்கறாங்க சார். காரோட." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதில் அவளுக்கே வியப்பு.

"காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வாங்க மேடம்."

அவள் போனை வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் டயல்டோன் அறைக்குள் இரண்டு சுற்று நடந்தான். "காலைப் பிடிக்கச் சொன்னாரா? பிடி."

"சும்மா இருங்க."

"நாளைக்கே போறேன். அறுபது போனையும் பிடுங்கி எறியறேன். அந்த எட்டை முதல்ல எடுக்கறேன்." கணீரென்று சொந்தக் குரலில் பேசினான். ரொம்ப நாளைக்குப் பிறகு மூக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போவீங்க. எந்த மூஞ்சியோட?"

"என்ன மூஞ்சி?"

"அங்க எல்லாருக்கும் உங்க மூஞ்சி சேல்ஸ்காரன் மூஞ்சி."

அவன் நடப்பதை நிறுத்தினான். "மீசையை எடுத்துடறேன்."

"அந்த டாக்டரம்மா உங்க கடவாய்ப் பல் வரைக்கும் பாத்திருக்காங்க."

கீழே காற்றடிக்கும் மெஷின் நின்றது. இருவரும் ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். ஐந்து பிரிவையும் அது மும்முரமாக நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கவில்லை.

"மென்பொருள்ல செய்ய வேண்டியதை நான் இங்கேருந்தே செஞ்சிடுவேன். அங்க ஒயரைக் கழட்டி மாட்டத்தான் ஒரு ஆள் வேணும்" என்றான் மெதுவாக.

"அதான் பாத்துக்கிட்டிருக்கேனே இத்தனை வருஷமா" என்றாள் அவள். "அந்தப் பையை எடுங்க."

மறுநாள் காலை, தோளில் கருவிப் பையும் காதில் ஒயர் மாட்டிய செல்போனுமாக அவள் முதல் கிளினிக்கின் படியேறி, பொது மேலாளர் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பியபோது நிர்வாகி வாசலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், நீங்களேவா? பொது மேலாளர் ஏணியில ஏறுவாங்களா?"

"சர்வீஸ்காரர் வர சம்மதிச்சுட்டார் சார். ஆனா மனசு புண்பட்டிருக்கு. ஆபீஸை விட்டு வெளிய வர மாட்டாராம். போன்ல சொல்லுவார், நான் செய்யணுமாம். அதுதான் அவர் கண்டிஷன்."

நிர்வாகி தலையை ஆட்டினார். தகுதியுள்ளவன் அப்படித்தான் இருப்பான் என்று தோன்றியிருக்க வேண்டும். "நானும் அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன், ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

போட்டாள்.

"தம்பி, நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்ல சார். உங்களுக்கு நாப்பது போதும் சார்."

"போதும் போதும். அந்த சேல்ஸ்காரன்தான் என்னைக் குழப்பிட்டான். சரியான ஃபிராடு."

இதற்குள் ஏணியின் மூன்றாவது படிக்கு ஏறியிருந்தவள் குனிந்து போனைப் பார்த்தாள்.

"சார், அவனைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க" என்றது சர்வீஸ். "குடும்பஸ்தன். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ரொம்பப் பாடுபட்டான் உங்க கிளினிக்குல. மாத்திரைகூடச் சாப்பிட்டான்."

"சர்வீஸ், வேலையைக் கவனிங்க" என்றாள் மேடம் ஏணியிலிருந்து.

நிர்வாகி நெகிழ்ந்துபோனார். "அன்னிக்குக் கான்ஃபரன்ஸ்ல அப்படிச் சண்டை போட்டாங்க. இன்னிக்கு விட்டுக்கொடுக்காம பேசறார் பாருங்க. என்ன ஒற்றுமை மேடம் உங்க ஆளுங்களுக்குள்ள! இதுக்காகவே ஆறு கிளினிக்கும் தரலாம். வேலையை முடிங்க, இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று உள்ளே போனார்.

அவர் அறைக்கதவு பாதி திறந்துதான் இருந்தது. அவள் கூரைப் பலகையை நகர்த்தி, உள்ளே கையை விட்டு, தூசிக்கு நடுவில் ஒரு கொத்து ஒயரைப் பிடித்தாள்.

"முதல்ல எதைக் கழட்டணும்?"

"நீலம்" என்றது ஸ்பீக்கர். "பாத்து ஏறு, அந்த ஏணி ஆடும்."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏறுங்க, மேடம்" என்றது சர்வீஸ் பிரிவு.